கன்ட்ரோல் பொத்தானில் ஒரு பொட்டு

ராஜபாளையம்
டிசம்பர் 24, 2024

அனு,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கிளம்பும்போது நீ வாசலுக்கு வந்து கையசைத்தாய். நான் தெருவின் இந்தப் பக்கம் நின்றேன். நீ அந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாய். மாமி உன் பக்கத்தில் நின்றதால் நான் குரல் கொடுக்கவில்லை. பொழுது சாய்ந்தால் உனக்கு எம்புட்டுத் தெரிகிறது என்று நீ என்னிடம் சொன்னதும் நிஜமும் வேறு வேறு என்று அப்போதுதான் உறைத்தது.

மதுரை டாக்டர் சொன்னதை நீ இன்னும் வீட்டில் சொல்லவில்லை. சொல் என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். கம்ப்யூட்டரில் நான் செய்துவைத்ததை மட்டும் எழுதுகிறேன், மறந்தால் பார்த்துக்கொள்ள.

உன் கம்ப்யூட்டருக்குள் இப்போது இரண்டு கணக்குகள். மாமாவும் மாமியும் திறந்தால் பழையபடி ஆண்டாள் படம் வரும். உன் பாஸ்வேர்டு போட்டால் கறுப்புத் திரை, மஞ்சள் எழுத்து. ஐகான்களை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஓரத்தில் இருந்தால் நீ தலையைத் திருப்பித் திருப்பித் தேடுகிறாய், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. மவுஸின் அம்புக்குறியைப் பெரிதாக்கியிருக்கிறேன். புதுக் கீபோர்டுக்கு வயர் கிடையாது, மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும் போகலாம். கண் வலித்தால் மூடிக்கொள். குரல் வாசித்துக் காட்டும். ஹெட்செட்டில் கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. போதும் என்றால் இடது கோடியில் இருக்கும் கன்ட்ரோல் பொத்தானை அமுக்கு, அந்த நிமிடமே நின்றுவிடும். அதன் மேல் மாமியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன். விரலுக்குத் தட்டுப்படும்.

மாமி "காத்தால மார்கழிப் பாட்டு இதுலேயே வரட்டும், அந்தப் பொட்டியையும் கோத்து விட்டுடு கொழந்தை" என்றார். அதனால் ஹாலில் இருக்கிற ஸ்பீக்கரையும் புளூடூத்தில் இணைத்தேன். அது அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது. உன் பக்கம் வராது.

இனி நான் மெயிலில் கடிதமாகவே அனுப்புகிறேன். போனில் நீ பேசினால் உன் வீட்டுக்கே கேட்கும். எனக்கோ போனில் பேச்சு வராது, உனக்குத் தெரியும்.

சத்யா


ஸ்ரீவில்லிபுத்தூர்
ஜனவரி 5, 2025

சத்யா,

உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியது யார் தெரியுமா? ஒரு ஆம்பளை! தாலுகா ஆபீஸில் பெயர் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். 'உனக்கு எம்புட்டுத் தெரிகிறது' என்று நீ உருகி எழுதியதை, பட்டா மாறுதல் அறிவிப்பு மாதிரி வாசித்தார். அவருக்குச் சமுத்திரம் சார் என்று பெயர் வைத்துவிட்டேன். அவருக்குக் கமா தெரியாது. மூச்சும் விட மாட்டார். ஆனால் நல்ல மனுஷன், எத்தனை தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து வாசிக்கிறார்.

அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்து, "ஏண்டி திரையெல்லாம் கறுப்பா கெடக்கு, ரிப்பேரா?" என்றாள். "கரண்ட் மிச்சம்மா" என்றேன். நம்பிவிட்டாள். அம்மா நம்புவதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

வேலை நன்றாக நடக்கிறது. இந்த வாரம் இரண்டு கல்யாணப் பத்திரிகையும் ஒரு காதுகுத்தும் தட்டச்சு செய்து கொடுத்தேன். பிரஸ்காரர் பிழையே இல்லை என்றார். பிழை இருந்தால் சமுத்திரம் சார் தடுக்கி விழுவார், எனக்குக் கேட்டுவிடும்.

இன்னொன்று. தை பிறந்ததும் என்னைப் பார்க்க வருகிறார்கள். பெயர் வரதராஜ், திருச்சியில் வேலை. அப்பா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

நீ என்ன எழுதப் போகிறாய் என்று தெரியும். எழுதாதே.

அனு


ராஜபாளையம்
ஜனவரி 20, 2025

அனு,

எழுதாதே என்றாய். இரண்டு வாரம் எழுதாமல் இருந்து பார்த்தேன்.

வருகிற ஞாயிறு அவர்கள் வருகிறார்கள். மதுரை டாக்டர் சொன்னதை அதற்கு முன்னால் மாமாவிடம் சொல்லிவிடு. இருட்டில் பார்வை முதலில் போகும், பிறகு பக்கவாட்டில் குறுகிக்கொண்டே வரும், மருந்து கிடையாது என்று சொன்னாரே, அதை அப்படியே சொல். வரதராஜ் நல்லவராகவே இருக்கட்டும். நல்லவர் என்றால் தெரிந்துகொண்டு வரட்டும். சொல்லாமல் போனால் முதல் நாள் சாயங்காலமே அந்த வீட்டு மாடிப்படியில் நீ காலால் துழாவுவாய். அவர்கள் உன்னைப் பார்க்கிற பார்வை அந்த நிமிடம் மாறிவிடும். அது உனக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். அவர்களுக்கு உன்னைப் பிடிக்காமல் போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். வேண்டிக்கொள்ளவில்லை, நினைத்தேன். நீ போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை. ஆபீஸில் காலையிலிருந்து பேண்டேஜ் துணிக்குப் பில் போடுகிறேன். என்னோடு பேசுவது பிரிண்டர் மட்டும்தான், அதுவும் பேப்பர் தீர்ந்தால். விடுதிக்கு வந்து சாப்பிட்டு, உனக்கு இன்றைக்கு எதை எழுதலாம் என்று யோசிப்பதுதான் என் சாயங்காலம். நீ திருச்சிக்குப் போய்விட்டால் பார்த்ததையெல்லாம் நான் யாரிடம் சொல்வது? இது கேவலமான நினைப்பு. உன்னிடம் மட்டும் சொல்லலாம் என்பதால் சொல்கிறேன்.

சரி, போகட்டும். பச்சைப் புடவை கட்டாதே. அதில் நீ பள்ளிக்கூடப் பெஞ்சு மாதிரி இருப்பாய். நீலம் கட்டு.

உன் சத்யா


ஸ்ரீவில்லிபுத்தூர்
ஜனவரி 28, 2025

சத்யப்பிரியா,

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீ எனக்கு எழுத வேண்டாம்.

அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூப்பிடுகிற வரை பெண் உள்ளேதானே இருக்க வேண்டும்? நானும் என் அறையில் காத்திருந்தேன். உன் கடிதத்தை இன்னொரு முறை கேட்கலாம் என்று ஹெட்செட்டை மாட்டினேன். 'அனு, எழுதாதே என்றாய்' என்று சமுத்திரம் சார் ஆரம்பித்தார். ஹெட்செட்டில் டிங் என்று ஒரு சத்தம். சார்ஜ் தீர்ந்துவிட்டது. அடுத்த வரி ஹாலில் கேட்டது.

வந்தவர்களுக்காக அம்மா காலையில் நாதஸ்வரம் போட்டிருந்தாள். பாட்டு முடிந்தும் பெட்டியை அணைக்கவில்லை. அது வரதராஜின் அப்பா தலைக்கு மேல் அலமாரியில் இருந்தது. நீ எழுதியதையெல்லாம் அது வாசித்தது. மதுரை, டாக்டர், இருட்டு, மருந்து கிடையாது, எல்லாம்.

"என்னது இது, செய்தியா?" என்றார் அவர். அப்பா அணைக்கப் போய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டார். 'நீ போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை' என்று அது தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னது.

வரதராஜின் அம்மா எழுந்துவிட்டாள். "யாருங்க அந்தப் பையன்? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"ஐயோ, பையனெல்லாம் இல்லை மாமி, இவ சிநேகிதி. அந்தச் சோழபுரத்துப் பொண்ணு" என்றாள் என் அம்மா.

"பொண்ணா? பொண்ணுக்கு இந்தக் குரலா?"

நான் வெளியே வந்தேன். அப்பா பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்கு ஒயர் கிடையாது. வரதராஜ் என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். படி இறங்கும்போது அவர் அம்மா என் கையைத் தொட்டு, "நீலம் உனக்கு நன்னாத்தாண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் பக்கம் வராது என்று எழுதினாயே. நீ நினைத்தது நடந்துவிட்டது, சந்தோஷமாக இரு.

அனுக்ரஹா


ராஜபாளையம்
பிப்ரவரி 9, 2025

அனு,

நீ வாசிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வாசிக்க மாட்டாய் என்பதால் கொஞ்சம் தைரியமாகவும் இருக்கிறது.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்து பார்த்தேன். இரண்டு கணக்கு போட்டதும் நடுவில் சுவர் எழுப்பிவிட்டதாக நினைத்தேன். எழுத்துக்கும் படத்துக்கும்தான் அந்தச் சுவர். ஸ்பீக்கரை இணைத்தால் அது இயந்திரத்தோடு இணைகிறது, ஆளோடு இல்லை. யார் உள்ளே இருந்தாலும் அது தேடிக்கொண்டுதான் இருக்கும். ஒன்று போனதும் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் என்பதால் சோழபுரத்தில் யார் வீட்டு டிவி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் தெரிந்த மாதிரி போய் நிற்பேன். அப்படி நின்ற பழக்கம்தான் உன் வீட்டிலும் வந்துவிட்டது.

போன ஞாயிறு வில்லிபுத்தூர் வந்தேன். உங்கள் தெரு முனையில், பூக்கடைக்குப் பக்கத்தில் நின்றேன். மாமா வெளியே வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு, எதற்கோ திரும்பி உள்ளே பார்த்தார், பிறகு போனார். உன் அறை ஜன்னல் திறந்திருந்தது. நான் வீடு வரைக்கும் வரவில்லை. பூக்காரம்மா "யாரைத் தேடுத தாயி?" என்றார். "யாரையும் இல்லைக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் ஏறினேன்.

என்னுடைய கடிதம் ஹாலில் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. காலேஜில் என் செமினாரை நான் மேடையில் நின்று வாசிக்க முடியாமல் நீ வாங்கி வாசித்தாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, என் வரிகள் உன் குரலில் வருவதைக் கேட்டேன். அன்றைக்கு அது அழகாக இருந்தது.

விடுதியில் பரிபூரணம் அக்கா இன்று கேட்டே விட்டார்: "ஏட்டி, தெனமும் அந்தப் போனை எம்புட்டு நேரம் பாப்ப? அடிச்சா அதுவே சத்தம் போடும்ல?" அக்காதான் இங்கே சமைக்கிறவர். "மணி பார்த்தேன் அக்கா" என்றேன். "ஒன் மணிக்கு முள்ளே நகரல போலுக்கே" என்று சொல்லி இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

சத்யா


ராஜபாளையம்
மார்ச் 2, 2025

அனு,

ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். குற்றம் சொல்லவில்லை.

வரதராஜின் அம்மா நீலம் உனக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னார் என்று எழுதியிருந்தாய். நீலப் புடவை என் கடிதத்தின் கடைசி வரி. அப்படியென்றால் முழுக் கடிதமும் ஹாலில் ஓடியிருக்கிறது. மாமா ஸ்பீக்கரோடு போராடி, வரதராஜின் அம்மா எழுந்து நின்று, பேசி, மாமி அது நான் என்று விளக்கி, இவ்வளவு நேரமும் ஓடியிருக்கிறது.

கீபோர்டு உன் மடியில் இருந்திருக்கும். பொட்டு அதன் இடத்தில் ஒட்டியிருந்ததா?

விழுந்திருந்தால் சொல். சரியாக ஒட்டாதது என் தப்புத்தான்.

சத்யா


ஸ்ரீவில்லிபுத்தூர்
மார்ச் 16, 2025

சத்யா,

பொட்டு விழவில்லை. விரல் அதன் மேல்தான் இருந்தது.

இதை எப்படி எழுதுவது என்று பத்து நாளாக யோசிக்கிறேன். முதல் வரி ஹாலில் கேட்டதும் பதறித்தான் போனேன். விரல் தானாகப் பொட்டுக்குப் போய்விட்டது. அப்போது 'மதுரை டாக்டர் சொன்னதை' என்று வந்தது. அதை அப்பாவிடம் சொல்ல நான் எத்தனை தடவை ஹாலுக்குப் போயிருக்கிறேன் தெரியுமா? போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். மேடையில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது யாரோ சொல்கிறார்கள். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு வரி என்று விட்டேன்.

டாக்டர் பேச்சு முடிந்ததும் நிறுத்தியிருக்கலாம். அடுத்து வருவது உன்னுடைய விஷயம் என்று எனக்குத் தெரியும், அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். தெரிந்தும் விரல் அமுங்கவில்லை. ஏன் என்று நேர்மையாகச் சொன்னால், என்னை விட்டால் ஒருத்திக்கு யாரும் இல்லை என்பதை அந்த ஹாலில் எல்லாரும் கேட்கட்டும் என்று இருந்தது. என்னைத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்து எடை போட வந்தவர்களுக்கு அது தெரியட்டும் என்று இருந்தது. அதற்கு நீ என்ன விலை கொடுப்பாய் என்று யோசிக்கவில்லை. பிறகு அத்தனை பேர் முகத்தையும் பார்த்ததும், யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. நீ தூரத்தில் இருந்தாய்.

இங்கே எல்லாம் தலைகீழ். அப்பா என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் மறுபடி அதையேதான் சொன்னார். திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அப்பா "படி இருக்கு" என்றார். இப்போது வீட்டில் அம்மாவும் அதையேதான் சொல்கிறாள், படி இல்லாத இடத்திலும். திருச்சிக்காரர்களிடமிருந்து ஜாதகம் திரும்பி வந்துவிட்டது.

ஹெட்செட்டை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இந்த ஆத்துல இனிமே காதுக்குள்ள ரகசியம் கெடையாது. எதுவா இருந்தாலும் பொட்டியில வரட்டும், எல்லாருமா கேப்போம்" என்கிறாள். கம்ப்யூட்டரும் ஹாலுக்கு வந்துவிட்டது. உன் முந்தைய இரண்டு கடிதத்தையும் அப்படித்தான் கேட்டோம். 'யாரையும் இல்லைக்கா' என்று நீ பூக்காரம்மாவிடம் சொன்ன இடத்தில் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். பொட்டு பற்றி நீ கேட்ட இடத்தில் அப்பா என்னைப் பார்த்தார். பார்த்தது எனக்குத் தெரிந்தது, அவர் எனக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கடிதத்தைத் தட்டும்போதும் சமுத்திரம் சார் சொல்லிக்கொண்டேதான் வருகிறார். அதனால் இவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி நீ எழுதினால் அது ஹாலில்தான் கேட்கும். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எழுதாமல் விட்டால் எனக்குப் புரியும்.

அனு


ராஜபாளையம்
மார்ச் 23, 2025

ஹாலில் இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது.

மாமா, நான் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போனவள். நீங்கள் "என்னம்மா படிச்சிருக்கே?" என்று கேட்டதற்குக்கூட அனுதான் பதில் சொன்னாள். உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று. அனுவுக்கு எல்லாம் தெரியாமல் போய்விடவில்லை. நேராக இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வேண்டியதை அவளுக்கு எதிரில் வந்து நின்று சொல்லுங்கள். பக்கத்தில் நின்று சொன்னால் வெறும் குரலாகப் போய்விடும்.

மாமி, படி இல்லாத இடத்தில் படி இருக்கிறது என்று சொன்னால் அவள் காலைத் தூக்கித் தடுமாறுவாள். படி இருக்கிற இடத்தில் ஒரு மஞ்சள் கோடு போடுங்கள், போதும். ஸ்பீக்கரில் சத்தம் குறைக்கிற பொத்தான் இடது பக்கம் இருக்கிறது. வலது பக்கம் இருப்பது கூட்டுகிறது. இதை அன்றைக்கே மாமாவிடம் காட்டியிருக்க வேண்டும்.

என் கடிதத்தில் நான் நினைத்ததாக எழுதியிருந்த அந்தக் கேவலமான நினைப்பை நீங்கள் எல்லாரும் கேட்டுவிட்டீர்கள். நான் அதை எடுத்துப் போட முடியாது. அது நிஜம். ஆனால் ஜாதகம் திரும்பி வந்தது என்று வாசித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பரிபூரணம் அக்கா "சாப்பிடலையாட்டி?" என்று கேட்டபோதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனு, உன் மேல் கோபம் இருக்கிறது. என்னுடையதைக் கேட்கவிட்டாயே என்று இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும் போல. இருந்துகொண்டே எழுதுகிறேன்.

ஹாலுக்கு இவ்வளவுதான். இப்போது விரலைப் பொட்டின் மேல் வை. அமுக்கு.

நின்றுவிட்டதா? சமுத்திரம் சார் போய்விட்டாரா?

மீதியை உன் கண்ணால் வாசி. எழுத்தைப் பெரிதாக்கி, நடுவில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

தெரு முனையோடு திரும்ப மாட்டேன்.

உனக்கு நேராக உட்கார்ந்து நானே பேசுகிறேன்.